தொட்டுப் பார்க்க விடும் கண்காட்சி: திருவான்மியூரில் தாரா புக்ஸ்

ஓவியக் கண்காட்சிகளில் அச்சோவியங்களுக்கு நேரும் கதி பெரும்பாலும் ஒன்றுதான். செதுக்கிய மரப்பலகையிலிருந்தோ அமிலம் அரித்த செப்புத் தகட்டிலிருந்தோ ஒருவர் நாட்கணக்கில் உழைத்து எடுத்த தாள், சட்டத்துக்குள் போனதுமே ஏதோ ஒரு படமாகிவிடுகிறது. மை தாளின் மேல் எழும்பி நிற்கும் மேடு, தகட்டின் அழுத்தம் விளிம்பில் விட்ட பள்ளம், நாரோடு நார் பின்னிய தாளின் சொரசொரப்பு ஆகிய எதுவும் விளக்கொளியில் பளபளக்கும் கண்ணாடிக்கு இப்பாலிருந்து தெரிவதில்லை. புத்தகக் கலையின் நிலை இன்னும் மோசம். கண்ணாடிப் பெட்டிக்குள் எதிரெதிரான ஏதோ இரண்டு பக்கங்கள் மட்டும் திறந்திருக்கும். மற்ற பக்கங்களை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சென்னை திருவான்மியூரில், குப்பம் கடற்கரைச் சாலையையொட்டிய சி.ஜி.இ. காலனியில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் ‘புக் பில்டிங்’ இந்தக் குறை இல்லாத இடம். இங்கே காட்சிக்கு வைத்திருப்பதும் விற்பனைக்கு வைத்திருப்பதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்; அதைக் கையில் எடுத்து, புரட்டி, முகர்ந்துகூடப் பார்க்கலாம்.

புத்தகக் கடை, கண்காட்சிக்கூடம், பதிப்பகத்தின் அலுவலகம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பதிப்பகத்தை 1994இல் தொடங்கியவர் கீதா வுல்ஃப். எஸ்.வி. ராஜதுரையுடன் இணைந்து சுயமரியாதை இயக்கத்தைப் பற்றி எழுதியவராகத் தமிழ் வாசகர்கள் அறிந்த வ. கீதா, இதன் ஆசிரியர் குழுவில் நெடுங்காலமாக முதன்மையான பொறுப்பில் இருப்பவர். மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய பெயர் ஆறுமுகம். இவருடைய தலைமையில் இயங்கும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற அச்சுக்கூடத்தில்தான் தாராவின் கையச்சு நூல்கள் முழுவதும் உருவாகின்றன. பதிப்பாளரையும் ஓவியரையும் தெரிந்துகொண்டு அச்சிட்டவரை மறந்துவிடுவது நம் வழக்கம். இந்தக் கடையைப் பற்றி எழுதுகிற எவரும் அப்படிச் செய்ய முடியாது, ஏனெனில் புத்தகத்தைத் தொட்ட மாத்திரத்தில் விரலுக்கு முதலில் தட்டுப்படுவது அச்சிட்டவரின் வேலைதான்.

தொடக்கக் கதையும் சுவையானது. ‘தி வெரி ஹங்ரி லயன்’ என்ற நாட்டுப்புறக் கதைக்கு இந்திரபிரமித் ராய் மகாராஷ்டிரப் பழங்குடியினரின் வார்லி பாணியைத் தழுவி வரைந்த படங்களை, கையால் செய்த தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் (வலையின் வழியே மையை இறக்கும் முறை) அச்சிட்டு ஒரு மாதிரிப் பிரதி தயாரித்து, 1990களின் நடுவில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு எடுத்துச் சென்றார்கள். கனடாவைச் சேர்ந்த ஒரு பதிப்பகம் 8,000 படிகள் கேட்டது. மாதிரி ஒன்றைக் கையால் செய்வதற்கும் எண்ணாயிரத்தைக் கையால் செய்வதற்கும் உள்ள தொலைவைக் கடக்க வேண்டிய கட்டாயத்திலிருந்துதான் இந்த அச்சுக்கூடமே பிறந்தது. சென்னையில் ஸ்கிரீன் பிரிண்டிங் புதிய தொழில் அல்ல. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பை, ஸ்டிக்கர் என்று சந்துக்குச் சந்து அதைச் செய்கிறவர்கள் உண்டு. திருமணப் பத்திரிகையில் மஞ்சள் அட்டை மீது பொன்னிற எழுத்தைக் கொண்டுவருகிற அதே வலைச் சட்டமும் அதே ரப்பர் இழுவையும்தான் இங்கேயும். கலைக் கல்லூரி கற்றுத்தரும் ‘செரிகிராஃபி’ என்ற மிடுக்கான பெயரை ஒட்டிக்கொள்ளாமல், தெருவில் கிடந்த தொழில்திறனை அப்படியே புத்தகத்துக்குள் கொண்டுவந்ததுதான் இவர்களுடைய முதல் வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

கடைக்குள் போகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய நூல் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரும் மரங்களைப் பற்றித் தங்கள் சமூகத்தில் வழங்கும் நம்பிக்கைகளை வரைந்தும் சொல்லியும் உருவாக்கியது. 2006இல் வெளிவந்து, 2008இல் இத்தாலியின் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியின் ‘நியூ ஹொரைசன்ஸ்’ விருதைப் பெற்றது. விருதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். தாள் முழுக்கக் கறுப்பு; அச்சிட்ட கறுப்பு அல்ல, தாளே கறுப்பு. அதன் மேல் பச்சையும் ஆரஞ்சும் நீலமும் ஒளி ஊடுருவாத கெட்டி மையாக அமர்ந்திருக்கின்றன. பக்கத்தைச் சற்றே சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு புள்ளியும் தாளிலிருந்து மயிரிழை அளவு உயர்ந்து நிற்பது தெரியும். விரல் நுனியை மெல்ல ஓட்டினால், கண்ணை மூடிக்கொண்டே மரம் எங்கே முடிந்து இருட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். இயந்திர அச்சான ஆஃப்செட்டில் கறுப்பு மையை நிரப்பி நடுவில் மரத்தை விட்டிருந்தால் படம் கிடைத்திருக்கும், இரவு கிடைத்திருக்காது.

கோண்டு ஓவியத்தின் உயிர், உருவத்துக்குள் நிரப்பும் நுண்ணிய கோடுகளிலும் புள்ளிகளிலும் இருக்கிறது. ஓவியருக்கு ஓவியர் அந்த நிரப்பு மாறும். பழகிய கண் அதை வைத்தே கையெழுத்து இல்லாமல் ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு இது பெரிய சோதனை. மிக மெல்லிய கோடு வலைக்கண்ணில் அடைத்துக்கொள்ளும். அழுத்திக் கூட இழுத்தால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அச்சுக்கூடத்தினர் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஒரு பூதக்கண்ணாடியோடு போகலாம். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஒரு நூல் அளவு ஏறியிருப்பதும், அபூர்வமாக ஓர் இடத்தில் ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்களின் பொருத்தம், சற்றே விலகிக் கறுப்பு எட்டிப் பார்ப்பதும் தெரியும். இதைக் குறையாக எடுத்துக்கொள்கிறவருக்குக் கையச்சு நூல் ஏற்றதல்ல.

வேலையின் அளவைச் சொல்லாமல் விலையைப் பற்றிப் பேச முடியாது. ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஃபிலிம், ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒரு ஸ்கிரீன். ஒளிபட்டால் இறுகும் பூச்சை வலையில் தடவி, ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, ஒளிபடாத இடங்களைத் தண்ணீரால் கழுவிவிட்டால் அந்த வழியே மை இறங்கும். ஒரு வண்ணம் அடித்துக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மூன்று வண்ணம் கொண்ட ஒரு பக்கத்தை ஆயிரம் படிகளுக்கு அச்சிட வேண்டுமானால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மூவாயிரம் முறை கை இழுக்க வேண்டும். துணிக்கழிவிலிருந்து செய்த தாள் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. கடற்கரை நகரின் ஈரக்காற்றில் அது உப்பும், வெயிலில் சுருங்கும். நேற்று அடித்த வண்ணத்தோடு இன்றைய வண்ணம் பொருந்துமா என்பது வானிலையையும் பொறுத்தது. பிறகு மடிப்பு, அடுக்கு, நூல் தையல், அட்டை, எல்லாம் கையால். முடிவில் ஒவ்வொரு படிக்கும் எண் இடுகிறார்கள்.

இந்த எண்ணிடலைப் பற்றி ஒரு வார்த்தை. செப்புத் தகட்டிலோ கல்லிலோ அச்செடுக்கும் கலைஞர், இத்தனை படிதான் என்று முடிவு செய்து, பென்சிலால் படியெண்ணும் மொத்த எண்ணும் எழுதிக் கையொப்பமிட்டு, கடைசியில் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துப் பாழாக்கிவிடுவது பழைய முறை. அதன் விலை பற்றாக்குறையிலிருந்து வருகிறது. தாராவின் எண் அப்படிப்பட்டதல்ல. ஒரு பதிப்பு தீர்ந்தால் அடுத்த பதிப்பு வரும். ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலுக்குப் பதிப்புக்குப் பதிப்பு அட்டையில் வேறு மரத்தைப் போடுகிறார்கள். சேகரிப்பாளர்களில் சிலருக்கு இது ‘உண்மையான’ லிமிடெட் எடிஷன் அல்ல என்ற முணுமுணுப்பு உண்டு. எனக்கு இதில்தான் மரியாதை கூடுகிறது. அச்சுக்கலையின் பயனே ஒரு படத்தைப் பலரிடம் சேர்ப்பதுதான்; அதைச் செயற்கையாகச் சுருக்கி விலை ஏற்றாமல், கை செய்யக்கூடிய அளவுக்குப் பலரிடம் சேர்க்கிற வழியை இவர்கள் எடுத்திருக்கிறார்கள். எண், இங்கே, அந்தப் படி தனியாகச் செய்யப்பட்டது என்பதற்கான சான்று மட்டுமே.

புத்தகம் என்ற வடிவத்தையே மாற்றிப் பார்க்கும் நூல்கள் இன்னொரு வகை. மேற்கு வங்கத்தின் பட்டுவாக்கள் துணி ஒட்டிய நீண்ட தாள் சுருளில் கதையை வரைந்து, ஊர் ஊராகச் சென்று, சுருளை அவிழ்த்தபடி பாடுகிறவர்கள். ஜாய்தேப் சித்ரகார், மொய்னா சித்ரகார் இணையர் 2004 ஆழிப்பேரலையைப் பற்றிச் செய்த சுருளும் பாட்டும் ‘சுனாமி’ என்ற நூலாக வந்தது. மடித்து வைத்தால் புத்தகம். இழுத்தால் ஒரே நீளமாக விரியும் படம். அலையின் முகமே பக்கங்களைத் தாண்டி இறங்கி வருகிறது. அதை விரித்துப் பார்ப்பவர் இருக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அதே கடலும் மீனவர் குப்பமும் இருக்கின்றன என்பதையும் நினைத்துக்கொண்டால், சுருள் மேதினிப்பூர் மாவட்டத்திலிருந்து இங்கே வந்து அச்சானது பொருத்தமாகவே படுகிறது. அகமதாபாத்தின் ஜக்தீஷ் சித்தாராவோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட ‘தி கிளாத் ஆஃப் தி மதர் காடஸ்’ ஒரு படி மேலே போய், ‘மாதா நி பச்சேடி’ என்னும் வழிபாட்டுத் துணியைத் துணியிலேயே அச்சிட்ட நூலாக ஆக்கியிருக்கிறது. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சமூகத்தினர் தங்கள் தெய்வத்துக்குத் துணியாலேயே கோயில் எழுப்பிக்கொண்ட மரபு அது. காகிதத்தில் அச்சிட்டிருந்தால் அர்த்தமே போயிருக்கும்.

இவற்றைவிட என் மனத்துக்கு நெருக்கமானது, ராஜஸ்தானின் மீனா சமூகத்தைச் சேர்ந்த சுனிதாவின் படங்களோடு வந்த ‘காபிள் யூ அப்’. பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்பாலும் சாக்பொடியாலும் விரல் கொண்டு இடும் ‘மாண்ட்னா’ ஓவியம், நம் வாசல் கோலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. மண் நிறத்து கிராஃப்ட் தாளில் வெள்ளையும் கறுப்புமாக இரண்டே வண்ணம். தாள் மண்தரையாகிவிட, வெள்ளை மை விரல் இழுத்த கோட்டின் தடிப்போடு அதன் மேல் கிடக்கிறது. நரி ஒவ்வொரு பிராணியாக விழுங்கிக்கொண்டே போக, விழுங்கியவை எல்லாம் வயிற்றுக்குள் தெரிந்துகொண்டே வரும். இரண்டு ஸ்கிரீன், ஒரு தாள்; இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சரியான தீர்மானம் எடுத்த புத்தக வடிவமைப்பை நான் அதிகம் கண்டதில்லை.

கலைஞர்களுக்கிடையிலான பரிமாற்றம் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, ஒரு வார முகாம், குழுப் புகைப்படம், சான்றிதழ் என்று முடிந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாட்டுப்புறக் கலைஞர் அழைக்கப்பட்டால் பெரும்பாலும் செய்முறை காட்டுபவராகத்தான் அழைக்கப்படுவார். கருத்துச் சொல்பவர் வேறொருவர். தாராவின் நூல்களில் ஓவியரின் பெயர் அட்டையில் நூலாசிரியராக இருக்கிறது, ராயல்டியும் உண்டு. பரிமாற்றம் இருபக்கமும் நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி, பஜ்ஜு ஷியாம் 2004இல் கொண்டுவந்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’. லண்டனில் ஒரு இந்திய உணவகத்தின் சுவருக்குப் படம் வரையப் போனவர், பார்த்த நகரத்தைக் கோண்டு கண்ணால் வரைந்துவிட்டார்: பிக் பென் கடிகாரக் கோபுரம் விடியலை அறிவிக்கும் சேவலாகிறது, பாதாள ரயில் மண்ணுக்குள் ஊரும் புழுவாகிறது, தினமும் ஏறிய பேருந்து விசுவாசமான நாயாகிறது. வெள்ளையர் நம்மை வரைந்த ஆல்பங்கள் நூலகம் நூலகமாகக் கிடக்கையில், பாட்டன்கட் கிராமத்துக்காரர் அவர்களை வரைந்த இந்த ஒரு நூல் எடை கூடியது. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. துர்கா பாய்க்கு 2022இல்.

மற்ற கூட்டுமுயற்சிகளில் ஏற்ற இறக்கம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதிர்ப் பாட்டு ஒன்றை ராம்சிங் உர்வேதியின் கறுப்பு வெள்ளைப் படங்களும் பிரேசில் வடிவமைப்பாளர் ஜோனதன் யமகாமி பக்கங்களில் வெட்டிய துளைகளும் சேர்ந்து விடுவிக்கிற ‘ஐ சா எ பீகாக் வித் எ ஃபயரி டெயில்’ (2012) அறிவுக்கூர்மையானது. துளைக்குள் தெரியும் பாதிச் சொல்லை அடுத்த பக்கம் முழுமையாக்கும்போது வாசிப்பதே விளையாட்டாகிறது. ஜப்பானிய வடிவமைப்பாளர் நாவோ சைட்டோ இங்கே தங்கி, தென்னிந்திய வீடுகளின் சமையலறைகளுக்குள் புகுந்து, அடுப்பும் அலமாரியும் எங்கே இருக்கின்றன என்று கோட்டுப்படமாக வரைந்த நூலும் நிதானமாகப் பார்க்கத்தக்கது. நமக்குப் பழகிப்போன மேடையும் தொட்டியும் வெளியாளின் அளவுகோலில் புதிதாகத் தெரிகின்றன. சில நூல்களில் மட்டும், படம் எட்டியிருக்கும் உயரத்துக்கு உரை வரவில்லை. மரபுக் கதையை உலக வாசகருக்கு விளக்கும் அக்கறையில் மொழி வெளுத்துவிடுகிறது. அந்தப் பக்கங்களில் நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வெளிநாட்டில் இவர்களுக்குள்ள மதிப்பு உள்ளூரில் அவ்வளவாகத் தெரியாது. 2013இல் போலோன்யாவில் ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகமாகத் தேர்வானார்கள். டோக்கியோவின் இதாபாஷி கலை அருங்காட்சியகம் 2017 நவம்பர் முதல் 2018 ஜனவரி வரை தாரா புக்ஸுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. ஜப்பானியப் பதிப்புகள் சென்னையிலேயே அச்சாகிக் கப்பலேறுகின்றன.

என் பெரிய மனத்தாங்கலும் இங்கேதான் வருகிறது. பதிப்பகத்தின் முதன்மை மொழி ஆங்கிலம். ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைப் பிரெஞ்சிலும் ஜப்பானியத்திலும் வாசிக்கிறவர்கள் இருக்க, அதை அச்சிடுகிறவர்களின் பிள்ளைகள் தங்கள் மொழியில் வாசிக்க, நான் அறிந்தவரை, வழியில்லை என்பது உறுத்துகிறது. தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. கையச்சு நூலில் படத்தின் வண்ணங்கள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்துக்கான ஸ்கிரீன் ஒன்றை மாற்றினால் மொழி மாறிவிடும். விற்குமா என்ற கணக்குதான் தடை என்றால், நியாயமான கணக்குதான். ஆனாலும் ஐந்நூறு படியாவது தமிழில் அடித்துப் பார்த்திருக்கலாம். தமிழகத்தின் காட்சி மரபுக்கு இந்தப் பட்டியலில் உள்ள இடமும் கோண்டு, பீகாரின் மிதிலா, பட்டுவா ஆகியவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. சினிமா பேனர்களைப் பற்றியும் தீப்பெட்டிப் படங்களைப் பற்றியும் நூல் போட்டிருக்கிறார்கள். தோல்பாவைக் கூத்தின் உருவங்கள் கறுப்புத் தாளில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கையச்சு நூல்களின் விலை சாதாரணப் படப் புத்தகத்தைப் போலப் பல மடங்கு. பிறந்தநாள் பரிசாக நான்கு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கம் கிழிந்தது என்று வருந்தாதீர்கள். குழந்தைகளுக்கு என்றால் ஆஃப்செட் பதிப்புகளே போதும். அவையும் நன்றாகவே இருக்கின்றன. சுவரில் மாட்ட விரும்புவோருக்கு நூல்களிலிருந்து எடுத்த தனி ஸ்கிரீன் பிரிண்ட்கள் கிடைக்கும். கையில் குறைவான பணத்தோடு போகிறவர்கள் ‘ஃப்ளூக் புக்’ என்று பெயரிட்ட நோட்டுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கலாம். மை ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க அச்சடிப்பவர்கள் பயன்படுத்தும் சோதனைத் தாள்களில் வெவ்வேறு நூல்களின் படங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி விழுந்திருக்கும்; மீனின் வாலில் மரம் முளைத்திருக்கும், யானையின் முதுகில் பாதி எழுத்து நிற்கும். அந்தத் தாள்களைத்தான் அட்டையாக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பதால், பழைய முறை அச்சோவியர்கள் தேடும் ‘தனித்த படி’ உண்மையில் கடையின் மலிவான பொருளில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு நான்காக எடுத்துப் புரட்டி, பிடித்ததை வாங்குங்கள்.

கண்காட்சிக்கூடத்தில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. அச்சுக்கூடம் வேறோர் இடத்தில் இருப்பதால், அதைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வாங்கிய கறுப்புத் தாள் நூலை வீட்டில் நிமிர்த்தி நெருக்கி வைக்காமல் படுக்கை வசமாக வையுங்கள். பூச்சில்லாத தாளில் உராய்வும் விரல் எண்ணெயும் சீக்கிரம் தடம் விடும். புது மையின் வாசனை சில மாதங்களுக்கு இருக்கும்.